மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே

அத்தியாயம் 11

பழுப்பு பாட்டிலின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்த டச்சக்காவை அந்த நிலையிலேயே இருட்டறையில் நிறுத்திவிட்டுப் போயிருந்தோம். பாவம், ஒரு வாரமாக நின்றதில் அவளுக்குக் கால் கடுத்திருக்கும்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு இரண்டு வரி. டச்சக்கா என்பது தெரு வைத்த பெயர். தம்பி படம் பிடிப்பான். அந்தப் படத்தை 'டச்' பண்ணி பருவை எடுப்பது, வழுக்கையைக் கொஞ்சம் மூடுவது, கோணல் பல்லை நேராக்குவது எல்லாம் அக்காவின் வேலை. கீழே ஸ்டுடியோ, மாடியில் வீடு. வீட்டில் நாலு பேர்: டச்சக்கா, தம்பி, தம்பி மனைவி மைனா, அவர்களுடைய ஆறு வயது மகள் பட்டாணி. ஐந்தாவது ஆள் நாலு மாதமாக மைனாவின் வயிற்றில்.

ஃபிலிம் காலம் முடிந்த பிறகு இருட்டறைக்குள் யாரும் போவதில்லை. மண்டையோடு படம் ஒட்டிய கெமிக்கல் பாட்டில்கள் தூசி படிந்து அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. போன வாரம் அதில் ஒன்று மட்டும் துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. திறந்தால் கெமிக்கல் நெடி இல்லை. பிராந்தி வாடை.

யாருடையது என்று துப்பறிய அவசியமே இல்லை. தம்பி, படம் எடுக்கப் போகும் பார்ட்டிகளில் நாலு பேருக்கு முன்னால் குடிப்பவன். அவனுக்கு ஒளித்து வைக்கும் தேவை கிடையாது. டச்சக்கா குடித்தது காபியும் கோபமும்தான். பட்டாணிக்கு ஆறு வயது. மிச்சம் யார்?

தெரிந்தும் டச்சக்கா ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. இன்று காலை ஆறு மணிக்கு, மாடியில் மைனா குளிக்கும் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் கீழே போனாள். பாட்டிலை எடுத்தாள். தொட்டியில் கொட்டினாள். மூன்று தடவை கழுவி, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை, காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள். அந்த நிம்மதி பதினொரு மணி வரைக்கும்தான் தாங்கியது.

* * *

இன்று பட்டாணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் நாள்.

"அஞ்சுக்கு அப்புறம் என்ன?" என்று பட்டாணியின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டபடி கேட்டாள் டச்சக்கா.

"ஆறு!"

"ஆறுக்கு அப்புறம்?"

பட்டாணி கூரையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். நேற்று இதே கேள்விக்கு ஏழு என்று பத்துத் தடவை சொன்ன குழந்தை. "அத்தை, உன் மூக்குல ஒரு முடி இருக்கு," என்றாள்.

நேற்றுக் கற்றது இன்று இருக்காது. தெருவில் போகிற யாரையும் கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பாள். வகுப்பில் எல்லோரையும்விடக் குள்ளம், அதனால்தான் பட்டாணி. கோபம் வந்தால் வாசலில் புரண்டு அரைமணி நேரம் அலறுவாள். வாலு, சோம்பேறி, செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்று ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். டீச்சர் மட்டும், "சொல்லிக் குடுத்தா ஏறாதது இல்ல, ஏறினது தங்கலை. எதுக்கும் காட்டிடுங்க," என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

குளித்துவிட்டு வந்த மைனா ஈரத் தலையோடு நேராகக் கீழே போனாள். இருட்டறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டு நிமிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மேலே வந்தாள்.

"அண்ணி, கெமிக்கல் பாட்டிலெல்லாம் கழுவினீங்களா?"

"எல்லாம் இல்ல. ஒண்ணு."

"ஏன்?"

"கெட்டுப் போயிருந்துச்சு."

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பெண்களுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன பிரயோஜனம்? இருவரும் குனிந்து பட்டாணியின் இன்னொரு ஷூவைத் தேடினார்கள்.

மைனா என்ற பெயரே அவள் வாயால் வந்தது. கல்யாணத்துக்கு முன்பு பார்ட்டிகளில் மைக் பிடித்து நிகழ்ச்சி நடத்தியவள். அவள் பேச்சுக்கு முந்நூறு பேர் சிரிப்பார்கள். மேடை ஏறும் முன்பு மட்டும் உள்ளங்கை வேர்க்கும், தொண்டை அடைக்கும். யாரோ ஒருத்தி, "ஒரு மடக்கு குடி, பயம் போயிடும்," என்று கொடுத்தாள். பயம் போனது. மைக்கும் போய் ஏழெட்டு வருடம் ஆகிறது. மடக்கு மட்டும் போகவில்லை.

* * *

டோக்கன் எண் பதினான்கு. தம்பி வேனை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தான். காத்திருக்கும் இடத்தில் மீன் தொட்டி ஒன்று. பட்டாணி அதில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். பிறகு ஓடி வந்து டச்சக்காவின் காதில் ரகசியம் சொன்னாள். ரகசியம் நாலு நாற்காலி தூரத்துக்குக் கேட்டது.

"அத்தை, அம்மா இன்னைக்கு மருந்து குடிக்கலை."

"என்ன மருந்து?"

"கீழ் ரூம் மருந்து. குடிக்கலைன்னா அம்மா கை ஆடும்."

ஆறுக்கு அப்புறம் ஏழு நிற்காத தலையில் இது நின்றிருக்கிறது. டச்சக்கா திரும்பிப் பார்த்தாள். மைனா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்திருந்தாள். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தும் மேலுதட்டில் வேர்வை.

ஆடினால் ஆடட்டும், இரண்டு நாளில் பழகிப்போகும் என்று டச்சக்கா நினைத்தாள். அதையும் சொல்லிவிட வேண்டும், அப்படித்தான் நினைத்தாள்.

தம்பி வந்தான். "என்ன, குளிருதா?" என்று மைனாவைக் கேட்டான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

* * *

குழந்தை வளர்ச்சி டாக்டருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கொண்டையில் பேனாவைச் செருகிவிட்டு மேஜை முழுக்கப் பேனாவைத் தேடும் ரகம். மூன்று மாதத்துக்கு முன்பு பள்ளிக்கூடம் மூலமாக அனுப்பிய ஃபைலைத் திறந்தார். அதிலிருந்த ஐந்து படங்களை மேஜையில் வரிசையாக அடுக்கினார். ஐந்து வயது வரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் முகத்தை நேராக வைத்து எடுத்த படங்கள்.

படத்தைப் பார்த்தார். பட்டாணியைப் பார்த்தார். மறுபடியும் படம்.

"இது யாரு?"

"என் பொண்ணுதான் டாக்டர்," என்றான் தம்பி. "அஞ்சுமே நான் எடுத்தது. லைட்டிங்கைப் பாருங்க."

"படத்துல இருக்கிறது இந்தக் குழந்தை இல்லையே."

தம்பி சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு சின்னக் கண்ணாடி ஸ்கேலை எடுத்துப் பட்டாணியின் கண் ஓரத்தில் வைத்து அளந்தார். தலையைச் சுற்றி டேப் போட்டார். உதடுகள் வரைந்த ஓர் அட்டையை அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டார். பட்டாணி அந்த நேரத்தில் அவருடைய கொண்டைப் பேனாவை உருவி, "இதோ இருக்கு!" என்றாள்.

"மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கும்," என்றார் டாக்டர். "உங்களுக்கு இருக்கு, எனக்கு இருக்கு."

அறையில் இருந்த எல்லோரும், நர்ஸ் உட்பட, மூக்குக்குக் கீழே விரல் வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

"படத்துல பாப்பாவுக்கும் இருக்கு. நேர்ல இல்ல. வழவழன்னு இருக்கு பாருங்க. மேலுதடு மெலிசு. கண்ணும் படத்துல இருக்கற அகலம் இல்ல. இது எப்படி?"

டச்சக்கா படத்தின் மேல் விரலை வைத்தாள்.

"நான் வரைஞ்சது டாக்டர்," என்றாள்.

"வரைஞ்சதா?"

"எங்க ஸ்டுடியோ லைட்டு நேரா மூஞ்சில அடிக்கும். எல்லாருக்கும் அந்தப் பள்ளம் மறைஞ்சிடும். மூஞ்சி சப்பையாத் தெரியும். அதனால மூக்குக்குக் கீழ ரெண்டு கோடு, நிழல் மாதிரி போட்டுடுவேன். கண்ணையும் கொஞ்சம் திறந்து விடுவேன். ஸ்கூல் பிள்ளைங்க எல்லாருக்கும் அப்படித்தான் பண்றது. இது கை வேலை. யோசிச்சுப் பண்றது இல்ல."

மற்ற குழந்தைகளுக்கு அவள் போட்டது, இருந்து மறைந்ததைத் திருப்பிக் கொடுத்தது. பட்டாணிக்குப் போட்டது இல்லாததை. முதல் பிறந்தநாளுக்கு இரண்டு மெல்லிய கோடு போதவில்லை. இரண்டாவதுக்குக் கொஞ்சம் அழுத்தினாள். ஐந்தாவதுக்கு நாலு கோடு போட்டாள். கைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கை மனசிடம் சொல்லவில்லை, மனசும் கேட்கவில்லை.

டாக்டர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இந்தப் படங்களைப் பார்த்துட்டு, முகத்துல குறிப்பா ஒண்ணும் இல்லைன்னு நான் எழுதினேன். இதோ என் கையெழுத்து. குழந்தையை வரச்சொல்லிப் பார்த்திருக்கணும். படத்தை நம்பினது என் தப்பு. மூணு மாசம் வீணாப் போச்சு."

மூன்று மாதம். டச்சக்கா மைனாவின் வயிற்றைப் பார்த்தாள். அந்த மூன்று மாதமும் அங்கே ஒரு குழந்தைக்குக் கண்ணும் மூக்கும் வந்துகொண்டிருந்தன.

"இப்ப நான் கேக்கப் போறது எல்லா அம்மாக்களையும் கேக்கற கேள்வி," என்றார் டாக்டர் மைனாவிடம். "குத்தம் கண்டுபிடிக்க இல்ல. பாப்பா வயித்துல இருந்தப்போ மது எடுத்துக்கிட்டீங்களா? பீர், ஒயின், பிராந்தி, எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"இல்ல." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"என்ன டாக்டர் இப்படிக் கேட்டுட்டீங்க?" தம்பிக்கு முகம் சிவந்தது. "எங்க வீட்டுல குடிக்கிற ஆளு நான் ஒருத்தன்தான். அதுவும் வேலைக்குப் போற இடத்துல, மரியாதைக்கு."

"சரி. முகத்தை மட்டும் வெச்சு யாராலயும் முடிவு சொல்ல முடியாது. உயரம், தலை அளவு, ஞாபகம், கணக்கு, நடத்தை, எல்லாம் சேர்த்துப் பார்க்கணும். அம்மா சொன்னா அது பெரிய உதவி. சொல்லலைன்னா, காரணம் தெரியலைன்னு எழுதுவேன். பாப்பாவுக்குச் சொல்லிக் குடுக்கற முறையை மாத்தலாம், பயிற்சி தரலாம். அவ வாலும் இல்ல, சோம்பேறியும் இல்ல. அவ மூளை வேற மாதிரி அமைஞ்சிருக்கு, அவ்வளவுதான். அவளுக்கு உதவி எப்படியும் கிடைக்கும்." டாக்டர் பேனாவை மூடினார். "ஆனா அம்மா சொல்லலைன்னா, உள்ள இருக்கற பாப்பாவுக்கு உதவி கிடைக்காது."

 பட்டாணி ஸ்கேலை நர்ஸின் மூக்கில் வைத்து அளந்துகொண்டிருந்தாள்.

"அம்மா குடிச்சா அது ரத்தத்தோட போய் நஞ்சுக்கொடியைத் தாண்டிடும். அம்மா உடம்பு அதைக் கழிச்சுத் தள்ளிடும். குழந்தைக்கு அந்தச் சக்தி கிடையாது. முகம் அமையறதையும் மூளை வளர்றதையும் அது கெடுக்கும், மூக்குக்குக் கீழ பள்ளம் இல்லாமப் போறது அப்படியும் வரலாம். இவ்வளவு குடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு அளவை எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. ஒயின் குடிச்சா ரத்தம் ஊறும்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க."

மைனா தலையை நிமிர்த்தினாள். மைக் பிடித்த நாளின் குரலைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன் டாக்டர். ஒருத்தி நாலு மாசமா குடிச்சுட்டான்னு வெச்சுக்குங்க. தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. இனிமே சாண் என்ன, முழம் என்ன?"

"அது முங்கினவங்களுக்குச் சொன்ன பழமொழி. உள்ள இருக்கற குழந்தை இன்னும் முங்கலை. அதோட மூளை பிறக்கற நாள் வரைக்கும் வளருது. நாலு மாசத்துல என்ன ஆகியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. ஒண்ணும் ஆகலைன்னு பொய்யும் சொல்ல மாட்டேன். ஆனா இன்னைக்கு நிறுத்தினா, இன்னைக்கிலேர்ந்து அதுக்கு நல்லது."

மைனாவின் கண் நிறைந்தது. டாக்டர் அதைப் பார்த்தும் பார்க்காதது போலப் பேச்சைத் தொடர்ந்தார்.

"அந்த ஒருத்தியைப் பார்த்தீங்கன்னா இன்னொண்ணும் சொல்லுங்க. தினமும் குடிக்கறவளா இருந்தா, வீட்டுல தானா சட்டுன்னு நிறுத்தக் கூடாது. வீட்டுல இருக்கறவங்க பாட்டிலைப் பிடுங்கிக் கொட்டவும் கூடாது. கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், ஒரு நாள் ரெண்டு நாள்ல வலிப்பு வரைக்கும் போகலாம். வலிப்பு வந்தா அம்மா உசுரு, குழந்தை உசுரு, ரெண்டுக்கும் ஆபத்து. நேரா இங்க வரணும். மருந்து குடுத்து, பக்கத்துலயே இருந்து நிறுத்துவோம்."

வலிப்பு என்ற சொல் டச்சக்காவின் செவிட்டில் அறைந்தது. ஆறு மணி. தொட்டியில் மூன்று தடவை கழுவிய பாட்டில். நல்லது செய்துவிட்ட நிம்மதி.

மைனாவின் கைகள் இன்னும் தொடைக்கு அடியில்தான் இருந்தன. ஆனால் இப்போது நாற்காலியே லேசாகத் தடதடத்தது. சொன்னால் தம்பியின் குடும்பம் இந்த மேஜையிலேயே உடையும். சொல்லாவிட்டால் மைனா வீட்டுக்குப் போவாள். மாடிப்படியில், குளியலறையில், எங்கே விழுவாள் என்று யாருக்குத் தெரியும்?

வாழ்நாள் முழுக்க மறைப்பதையே தொழிலாகச் செய்தவளுக்கு வாயைத் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது.

"அந்த ஒருத்தி இவதான் டாக்டர்," என்றாள் டச்சக்கா. "பாட்டிலைக் கொட்டினது நான். காலைல ஆறு மணிக்கு."

"அக்கா!" தம்பி எழுந்துவிட்டான். "உனக்குப் பைத்தியமா?"

டாக்டர் அவனைப் பார்க்கவேயில்லை. நாற்காலியை விட்டு எழுந்து வந்து மைனாவின் முன்னால் குந்தினார். "கையைக் குடும்மா."

மைனா கைகளை வெளியே எடுத்தாள். இரண்டும் காற்றில் மாட்டிய காகிதமாக ஆடின. டாக்டர் அவற்றைச் சேர்த்துப் பிடித்து நாடி பார்த்தார்.

"கடைசியா எப்போ?"

"நேத்து ராத்திரி. எட்டு மணி இருக்கும்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"எழுந்ததும் ஒரு மடக்கு. அப்புறம் அப்பப்போ. கால் பாட்டில் ஆகும். சில நாள் பாதி."

"எங்கேர்ந்து கிடைக்குது?"

மைனா கணவனைப் பார்த்தாள். "அவரு பார்ட்டிலேர்ந்து கொண்டு வர்றதுதான். மிச்சம் ஆனதைக் குடுத்து அனுப்புவாங்க. அலமாரில வெச்சுட்டு மறந்துடுவாரு."

தம்பி மெல்ல உட்கார்ந்தான்.  தாம்பூலப் பை போல வாராவாரம் வீட்டுக்குக் கொண்டு வந்த அந்தப் பாதி பாட்டில்களை அவன் ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை.

"பட்டாணி வயித்துல இருந்தப்பவும்..." என்றான் கடைசியில்.

"அப்பவும்," என்றாள் மைனா. அப்புறம் அழுதாள். அழுகை என்றால் தேம்பல் இல்லை, வயிற்றிலிருந்து கிளம்பிய ஓலம். பட்டாணி ஸ்கேலைப் போட்டுவிட்டு ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "அம்மா மருந்து குடிக்கலை, அதான்," என்று டாக்டருக்கு விளக்கம் சொன்னாள்.

தம்பி அக்கா பக்கம் திரும்பினான். "உனக்கு எப்போ தெரியும்?"

"போன வாரம்."

"ஒரு வாரமா எங்கூட உக்காந்து சாப்பிட்டே."

அவன் பட்டாணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். கதவு தானாக மெதுவாக மூடும் வகை. அறைந்து சாத்தக்கூட அவனுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

* * *

மத்தியானத்துக்குள் மைனாவை மேல்மாடி வார்டில் சேர்த்துவிட்டார்கள். நடுக்கத்துக்கு மருந்து ஏறியது. ஒரு மணிக்கு ஒரு தடவை நர்ஸ் வந்து கையை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினாள். பிரசவ டாக்டர் வந்து வயிற்றில் கருவியை வைத்தார். தையல் மிஷின் ஓடுகிற மாதிரி டக்டக்கென்று வேகமாக ஒரு சத்தம்.

"இதயம் நல்லா இருக்கு," என்றார்.

"அப்போ குழந்தை..." என்று ஆரம்பித்தாள் டச்சக்கா.

"இதயத்தைப் பத்தித்தான் இது சொல்லும்மா. மூளையைப் பத்திச் சொல்லாது. அது பிறந்து வளரும்போதுதான் தெரியும்."

பொய்யாகவாவது ஒரு ஆறுதல் சொல்லக் கூடாதா என்று டச்சக்காவுக்கு ஆத்திரம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. அழகான பொய்யை விற்றுப் பிழைத்தவள் அவள். அது எங்கே கொண்டு வந்து விட்டது என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

டாக்டர் போனதும் மைனா கண்ணைத் திறந்தாள். நடுக்கம் குறைந்திருந்தது. முகம் வெளிறியிருந்தது.

"உங்க மேல கோவம் இல்ல அண்ணி. இன்னைக்கு நீங்க சொல்லலைன்னா நான் சொல்லியிருக்க மாட்டேன். வீட்டுக்குப் போய் அலமாரியைத்தான் தேடியிருப்பேன்."

"தூங்கும்மா. அப்புறம் பேசலாம்."

"இல்ல, இப்பவே பேசிடறேன். அவர்கிட்ட போன வாரம்தான் தெரியும்னு சொன்னீங்க."

டச்சக்கா போர்வையின் மடிப்பை நீவி விட்டாள். மடிப்பே இல்லாத இடத்திலும் நீவினாள்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. இருட்டறைக்கு வெளியே சிவப்பு பல்பு எரிந்தால் யாரும் கதவைத் தொடக் கூடாது. வெளிச்சம் பட்டால் ஃபிலிம் பாழாகிவிடும். அப்பா காலத்துச் சட்டம். ஃபிலிம் போய்ச் சேர்ந்த பிறகும் சட்டம் போகவில்லை. பல்பு எரிந்தால் கால் தானாகத் திரும்பிவிடும். மைனாவுக்கு இதைவிட நல்ல ஒளிவிடம் கிடைக்குமா?

"பட்டாணி வயித்துல இருந்தப்போ, ஏழாவது மாசம்," என்றாள் மைனா. "சிவப்பு பல்பைப் போட்டுட்டு உள்ள உக்காந்திருந்தேன். ஃபிலிமே இல்லாத காலத்துல எதுக்குப் பல்பு எரியுதுன்னு நீங்க கதவைத் திறந்தீங்க. பாட்டில் என் வாயில இருந்துச்சு. நீங்க என்னைப் பார்த்தீங்க. நானும் உங்களைப் பார்த்தேன். சத்தம் வராம கதவைச் சாத்திட்டுப் போயிட்டீங்க."

வார்டில் யாரோ இருமினார்கள். எங்கோ ஒரு தட்டு விழுந்தது.

"நீங்க கேப்பீங்க, திட்டுவீங்கன்னு அன்னைக்கு ராத்திரி முழுக்க முழிச்சுட்டு இருந்தேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் அண்ணி. சத்தியமாச் சொல்லியிருப்பேன். எனக்கே பயமா இருந்துச்சு. காலைல நீங்க டீ கொண்டு வந்து வெச்சீங்க. சர்க்கரை போதுமான்னு கேட்டீங்க."

 ஆறு வருடமாக டச்சக்கா அந்தக் கதவை நினைவில்கூடத் திறக்காமல் வைத்திருந்தாள். மைனா அழுதுகொண்டிருந்தாள், தண்ணீர்தான் குடித்தாள், இருட்டில் சரியாகத் தெரியவில்லை என்று எத்தனை கோடு போட்டு மறைத்திருப்பாள்!

"உன் மானம் போகக் கூடாதுன்னு நினைச்சேன்," என்றாள். "தம்பிக்குத் தெரிஞ்சா சண்டை வரும்னு நினைச்சேன். உனக்கு நல்லதுதான் பண்றேன்னு நினைச்சேன்மா."

"தெரியும். படத்துக்குப் பண்ற மாதிரிதான்."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். டச்சக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நாற்பத்து மூன்று வயதில், முன்பின் தெரியாத எட்டுப் பேர் படுத்திருந்த வார்டில், மூக்கு ஒழுக அழுதாள்.

"அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க அண்ணி. இனிமே நம்ம வீட்டுல மறைக்க வேண்டாம். எனக்கு இனிமே தெம்பு இல்ல."

"சொல்றேன்."

"எதைச் சொல்லணும்?"

குரல் வாசலிலிருந்து வந்தது. தம்பி நின்றிருந்தான். தோளில் பட்டாணி தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் கையில் மைனாவுக்கு வாங்கிய தண்ணீர் பாட்டில், ஒரு புதுத் துண்டு, பல் துலக்கும் பிரஷ். கோபத்தோடு போனவன் கடைக்குப் போய் இதையெல்லாம் வாங்கியிருக்கிறான். எப்போது வந்தான், எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை.

"எந்த ஏழாவது மாசம், அக்கா?"

கேட்டிருக்கிறான்.

"பட்டாணியோட ஏழாவது மாசம்," என்றாள் டச்சக்கா. "நான் கண்ணால பார்த்தேன். பார்த்துட்டுக் கதவைச் சாத்தினேன்."

தம்பி கையிலிருந்ததைக் கட்டில் ஓரத்தில் வைத்தான். பிறகு தூங்கும் மகளின் முகத்தைத் தோளிலிருந்து மெல்லத் திருப்பினான். படம் எடுக்கும் முன்பு முகவாயைப் பிடித்துத் திருப்புவானே, அப்படித்தான் திருப்பினான். மூக்குக்குக் கீழே கட்டைவிரலை வைத்து ஒரு தடவை தடவினான். இன்னொரு தடவை.

"ஸ்டுடியோ சாவியைக் குடுத்துடு," என்றான்.

"டேய்..."

"குடுத்துடு அக்கா. இனிமே நீ எந்தப் பிள்ளை மூஞ்சிலயும் கை வைக்க வேண்டாம்."

சாவிக்கொத்து அவள் கைப்பையின் அடியில் கிடந்தது. இருபத்திரண்டு வருடமாக அது அங்கேதான் கிடக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள். இன்று வெகுநேரம் துழாவினாள்.